ஆறாம் அறைக்காரிக்காக ஒரு வெற்றிலைத் தட்டம்

எங்கள் வீட்டுச் சமையலறை அலுமாரியின் மேல்தட்டில் ஒரு வெற்றிலைத் தட்டம் இருக்கிறது. வெள்ளிப் பூச்சுப் போன பித்தளை. அதைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள் தெரியும். 'தடுத்து வைக்கப்பட்ட பொருள்' என்று பிரெஞ்சில் எழுதி, அதன் கீழே என் பெயரும் வேறொருவரின் கையொப்பமும். சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தேன், கத்தியால் சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை. மகளின் கலியாண எழுத்துக்கும் இதே தட்டத்தைத்தான் கொண்டு போனோம். ஐயர் அதைத் தூக்கி அடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குப் பிரெஞ்சு நன்றாக வாசிக்க வரும்.

தட்டத்தைத் தடுத்து வைத்தது நான் சமையல் வேலை செய்த இடத்தில். மொன்ட்ரியாலில் அஹுன்ட்சிக் பக்கம், ஆற்றுக்கு இரண்டு தெரு இப்பால், மூன்று மாடிச் செங்கல் கட்டடம். குடியையும் போதையையும் விட்டு எழும்பி வருகிற பூர்வகுடி மக்களுக்கான வீடு அது. பதினான்கு அறைகள். ஆளுக்கு ஓர் அறை, அதைப் பூட்ட ஒரு திறப்பு, கீழே எல்லோருக்கும் பொதுவாக ஒரு நீண்ட மேசை. அந்த மேசைக்கு மதியச் சாப்பாடு போடுவதுதான் என் உத்தியோகம். அங்கே எல்லோரும் பேசியது பிரெஞ்சு. என்னுடையது அடுப்படிப் பிரெஞ்சு, உப்புக் கேட்கவும் சண்டை பிடிக்கவும் போதும். ஆனால் இப்போது நினைத்துப் பார்க்கும்போது அவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள் மாதிரியே என் காதில் கதைக்கிறார்கள். கேட்கிறபடியே எழுதுகிறேன்.

செவ்வாயும் வெள்ளியும் ஒருவர் வருவார். வடக்கே காட்டுப்பக்கத்து அத்திகாமேக் இனத்தவர், எழுபதை எட்டிக்கொண்டிருந்தவர். மூத்தவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அது பட்டமும் பெயருமாக ஒட்டிக்கொண்டது. சிறு வயதில் பிடித்துக்கொண்டு போய் விடுதிப் பள்ளிக்கூடத்தில் போட்டு, சொந்தப் பாஷை பேசினால் அடித்த தலைமுறை அவருடையது. அதற்குப் பிறகு குடித்தார், நிறையக் குடித்தார், ஒரு நாள் விட்டார். விட்டு முப்பது வருசத்துக்கு மேல். குடியிருப்பவர்களை வட்டமாக இருத்தி மூலிகைப் புகை காட்டுவார், பறை தட்டிப் பாடுவார், பிறகு ஒரு கல் கைமாறிப் போகும். கல் யாருடைய கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம், மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. எங்கள் குடும்பக் கூட்டங்களுக்கு அந்தக் கல்லைக் கொண்டு போயிருந்தால் முதல் பத்து நிமிடத்தில் யாராவது யாருக்காவது எறிந்திருப்பார்கள்.

மிச்ச நேரமெல்லாம் அவர் ஜன்னலோரக் கதிரையில் இருந்து தேநீர் குடிப்பார். குடித்து முடித்ததும் ஹொக்கித் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு நித்திரை கொள்வார். இது வீட்டுப் பொறுப்பாளருக்குப் பெரிய தலைவலி. நல்ல மனுசி, யாருக்கும் கெடுதல் நினையாதவர். ஆனால் எங்கள் ஆட்களுக்குச் சாதகக் குறிப்பில் இருக்கிற நம்பிக்கை அவருக்குப் படிவங்களில் இருந்தது. 'பண்பாட்டு வழியில் ஆற்றுதல், மணித்தியாலங்கள்' என்று ஒரு கட்டம் உண்டு. மூத்தவரின் குறட்டையை அதற்குள் போடலாமா, கூடாதா என்று பேனையோடு நின்று யோசிப்பார். போடலாம் என்பதுதான் என் கட்சி. அந்தக் குறட்டை கேட்டால்தான் சிலருக்கு வாய் திறக்கும். அவரைச் சுற்றி வந்து இருந்து, தாழ்ந்த குரலில், தங்கள் தாயைப் பற்றியும் ஊரைப் பற்றியும் கதைக்கத் தொடங்குவார்கள்.

ஆறாம் அறையில் இருந்தவளுக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். வந்து பத்து மாதம், ஒரு துளி தொடவில்லை. சோற்றுப் பானையின் அடியில் பிடித்த பகுதியைச் சுரண்டித் தின்னப் பிரியப்பட்ட ஒரே ஆள் அந்த வீட்டில் அவள்தான், அதனால் எனக்கு அவள்மேல் தனி வாரப்பாடு. அவளுக்குப் பதினொரு வயதில் ஒரு மகள். அரசாங்கம் எடுத்து வேறொரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்திருந்தது, தாய் கண்ணால் கண்டு இரண்டு வருசம். அந்தப் பத்து மாதமும் எழுதிப் போட்டு, கையொப்பம் வாங்கி, கடைசியில் ஒரு கடிதம் வந்தது. வருகிற சனிக்கு அடுத்த சனி, அதிகாரி ஒருவரோடு பிள்ளை வரும், இந்த வீட்டில் வைத்துத் தாயைப் பார்க்கும். கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினாள், என்னைக் கட்டிப் பிடித்தாள், மேலே போனாள், கதவைச் சாத்தினாள். பிறகு திறக்கவே இல்லை. நான் வாசலில் வைத்த சாப்பாட்டில் பாதி உள்ளே போகும், பாதி அப்படியே இருக்கும். தட்டினால், "களைப்பா இருக்கு, மதாம்" என்ற குரல் மட்டும் வரும்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. பத்து நாள் ஒருவர் பொது மேசைக்கு வராவிட்டால் அறை அடுத்தவருக்குப் போகும். வெளியே காத்திருப்பவர்களின் பட்டியல் நீளம், பொறுப்பாளரையும் குறை சொல்ல முடியாது. திங்கட்கிழமை சாத்திய கதவு. மறுவாரம் புதன் வந்தால் பத்து நாள். அறை போனால் வீடு போகும், வீடு போனால் சனிக்கிழமைச் சந்திப்பும் போகும். வெள்ளிக்கிழமை, ஐந்தாம் நாள், மூத்தவர் இரண்டாவது கோப்பைத் தேநீருக்கு வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"இரண்டு மணித்தியாலமா இதில இருந்து தேத்தண்ணி குடிக்கிறீங்கள். மேல போய் அந்தப் பிள்ளையோட ரெண்டு வார்த்தை கதைச்சால் குறைஞ்சு போவீங்களோ?" என்றேன்.

"ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லையே" என்றார்.

"இப்ப நான் கேக்கிறன்தானே."

"இது கேக்கிறதில்லை, பிள்ளை. இது ஏச்சு."

கோப்பையை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டார். இரண்டாம் அறைக்காரர்தான், தட்டுகளைத் துடைத்து அடுக்கியபடி, எனக்கு விசயத்தைச் சொன்னார். "அவரிட்ட ஒண்டைக் கேக்கிறதெண்டால் புகையிலை குடுத்துக் கேக்கவேணும், மதாம். கையில வைச்சு, இன்னது வேணுமெண்டு சொல்லவேணும். வாங்கினாரெண்டால் பேந்து விடமாட்டார்." பொறுப்பாளர் மூத்தவருக்கு இதே விசயமாக மூன்று மின்னஞ்சல் போட்டிருந்தாராம், அவர் ஒன்றையும் திறந்து பார்த்ததில்லை. அப்படியானால் நீங்கள் கேட்டிருக்கலாமே என்றேன். "அவளுக்கும் எனக்கும் கதை இல்லை. ரிமோட் பிரச்சினை" என்றார்.

நான் ஏன் அந்தக் கதவைப் பற்றி இவ்வளவு அந்தரப்பட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் அண்ணை டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவியவர். மொன்ட்ரியால்-நோரில் எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில்தான் இருந்தார், கதவைச் சாத்திக்கொண்டு குடித்தார். கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணைக்குச் சீனி வருத்தம் என்றோம். செத்த வீட்டிலும் சீனி வருத்தம் என்றே சொன்னோம், வந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள், எல்லோருக்கும் உண்மை தெரியும். கோயிலில், சங்கத்தில், வைத்தியரிடம், எங்கேயாவது ஒரு மனிதரிடம் போய் 'எங்கட அண்ணைக்கு ஏதும் செய்யுங்கோ' என்று நாங்கள் கேட்கவில்லை. வெட்கம். அந்த வெட்கத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் என்மேல்தான் கோபம் வருகிறது.

சனிக்கிழமை எங்கள் தெருமுனை டெப்பனருக்கு, பாலும் பாணும் விற்கிற சின்னக் கடைக்கு, போனேன். கடைக்காரர் எங்கள் ஆள். புகையிலைச் சாமான்களை இங்கே வெளியில் தெரிய வைக்கக் கூடாது, மூடின தட்டுக்குள் இருக்கும், பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "பாலோ, அக்கா?" என்றார். புகையிலை என்றேன். "அண்ணைக்கோ?" என்று என் கணவரைக் குறித்துக் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப ஆருக்கு?" ஒரு கிழவருக்கு என்று சொன்னதுதான் நான் விட்ட பிழை. இரண்டு தெரு நடந்து வீட்டுக்கு வருவதற்குள் கணவர் கைத்தொலைபேசியோடு வாசலில் நின்றார். "நீ எப்ப தொடக்கம் சுருட்டுப் பத்துறனி?" என்றார். எனக்கில்லை, ஒரு கிழவருக்கு என்றேன். "எந்தக் கிழவன்?" என்றார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என்னைக் கட்டிப் பிடித்த இரண்டு பெண்கள் மூக்கை என் தலைமயிருக்குக் கிட்டக் கொண்டு வந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

நான் பிறந்த ஊர் புகையிலைத் தோட்டம் சூழ்ந்த ஊர். அங்கே ஒரு பெரியவரை ஒரு காரியத்துக்கு அழைப்பதென்றால் வெறும் புகையிலையைக் கையில் திணிப்பது மரியாதை இல்லை. தட்டம் வேண்டும், அதில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, இவற்றோடுதான் புகையிலை. அவர்கள் முறைக்குப் புகையிலை, எங்கள் முறைக்கு மிச்சம், இரண்டு பக்கமும் குறை வராது என்று எனக்குள் ஒரு கணக்கு. செவ்வாய்க்கிழமை காலை நான் வெற்றிலையைத் துடைத்து அடுக்குவதைக் கணவர் பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன, அந்தாளிட்டப் பொம்பிளை கேக்கப் போறியோ?" என்றார். ஓம், ஒரு பொம்பிளையைத்தான் கேட்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

மூத்தவர் தட்டத்தைக் கண்டதும் எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார், நான் அதுவரை அவருடைய தலையைப் பார்த்ததே இல்லை. ஆறாம் அறைப் பிள்ளையைக் கீழே கொண்டு வந்து தாருங்கள் என்று இரண்டு கையாலும் நீட்டிக் கேட்டேன். அவர் வாங்கினார். புகையிலையை மட்டும் எடுத்து ஒரு சிவப்புத் துணியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய காரியம். ஆனால் அவர் மற்றதைக் காட்டி, "இதுகளை நான் என்ன செய்யவேணும்?" என்று கேட்டார். எங்கள் ஊரில் யாரும் அந்த இடத்திலேயே போட்டுக்கொள்வதில்லை, தட்டத்தைத் தொட்டுக் கும்பிட்டால் போதும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒருவர் எங்கள் முறையை இவ்வளவு மரியாதையாக விசாரித்த பெருமையில், வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கை வைத்து, மடித்துக் கொடுத்தேன். பாக்கைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்.

பழக்கமில்லாதவருக்குப் பாக்கு தலையைச் சுற்றும் என்பது எனக்குத் தெரியாத விசயமல்ல. ஆறடி ஆளை அது என்ன செய்யும் என்று நினைத்துவிட்டேன். மூன்று நிமிடத்தில் அவருடைய காது சிவந்தது, நெற்றி வேர்த்தது. கதிரையைத் தேடிப் பிடித்து இருந்துகொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். வாயைத் திறந்தபோது உள்ளே முழுக்கச் சிவப்பு. தண்ணீரும் சீனியும் எடுக்க நான் திரும்பிய நேரம் பார்த்துப் பொறுப்பாளர் சமையலறைக்குள் வந்தார். மூத்தவர் அவரை மரியாதையாகப் பார்த்துச் சிரித்தார்.

இரத்தம் என்று நினைத்து அம்புலன்சுக்கு அடிக்கப் போன மனுசியைத் தடுக்க, அது இரத்தமில்லை, பாக்கு என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. பாக்கு என்றால் என்ன என்று கேட்டு, என் வாயால் எழுத்துக் கூட்டச் சொல்லி, தொலைபேசியில் தேடினார். கிறுகிறுப்பும் உற்சாகமும் தரும் பொருள் என்று அது காட்டிக் கொடுத்துவிட்டது. நிலைதடுமாறச் செய்யும் எதையும் உள்ளே கொண்டு வரக் கூடாது, மீறினால் குடியிருப்பவரானாலும் வேலை செய்பவரானாலும் ஒரே சட்டம் என்று வாசலில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. நானும் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே போனேன். முந்திய மாதம் ஒருவர் இருமல் மருந்துப் போத்தலோடு பிடிபட்டு வெளியேறியிருந்தார். பொறுப்பாளரின் முகத்தில் கோபத்தை விடக் கவலைதான் இருந்தது. மஞ்சள் ஒட்டுத்தாளை எடுத்துத் தட்டத்தின் அடியில் ஒட்டினார். எங்கள் இருவரையும் அலுவலக வாசலில் போட்டிருந்த இரண்டு கதிரைகளில் இருக்கச் சொன்னார்.

இருந்தோம். என் வேலை போகப் போகிறது, அதைவிடப் பெரிய அநியாயமாக அந்த மனிதரின் முப்பது வருச நல்ல பெயர் என்னால் போகப் போகிறது என்று நினைத்தேன். அவரோ வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "உங்கட ஆக்கள் இதைச் சாப்பிட்டிட்டுத்தான் கலியாணம் பேசுறவையோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப விளங்குது" என்றார்.

செய்தி மாடிப்படி ஏறிவிட்டது. மூத்தவர் குடிவெறியில் இருக்கிறார், பொறுப்பாளர் பிடித்து வைத்திருக்கிறார். ஒவ்வொருவராக இறங்கி வந்து, சுவரைப் பார்க்க வந்தவர்கள் போலப் படிகளில் நின்றார்கள். பிறகு மேலே ஒரு கதவு திறந்த சத்தம் கேட்டது. கம்பளிக் காலுறையும் தோளில் போர்வையுமாக, ஒன்பது நாள் வாராத தலையோடு, ஆறாம் அறைக்காரி இறங்கி வந்தாள். மூத்தவரின் வாயைப் பார்த்தாள். படியில் இருந்துவிட்டாள். இருந்து, போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அவள் அழுகிறாள் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். கொஞ்சம் அழுததும் உண்மைதான்.

பொறுப்பாளர் படிவத்தோடு வந்தார். கொண்டு வந்தவர் யார்? நான் கையைத் தூக்கினேன். காரணம்? படிவத்தில் காரணத்துக்கும் ஒரு கட்டம் இருந்தது. நான் மூத்தவரைப் பார்த்தேன். கேட்டவர்தான் சொல்ல வேண்டும் என்பது போல அவர் கூரையைப் பார்த்தார். எல்லோருக்கும் முன்னால், என் அடுப்படிப் பிரெஞ்சில், ஆறாம் அறைப் பிள்ளையைக் கீழே கொண்டு வரச் சொல்லி இவரைக் கேட்டேன், நாளையோடு பத்து நாள் என்று சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. பொறுப்பாளர் மெதுவாகத் திரும்பிப் படியில் இருந்தவளைப் பார்த்தார். பிறகு மூத்தவரிடம், "அப்ப இது வேலை செய்யுது எண்டு எழுதட்டோ?" என்று கேட்டார்.

"நான் இன்னும் தொடங்கவே இல்லை" என்றார் மூத்தவர்.

அவள் எழுந்தாள். "எனக்காகவோ கேட்டனீங்கள், மதாம்?" என்றாள். ஓம் என்றேன். "சனிக்கிழமை அவள் வந்து, என்னைப் பாத்து, இதுதானோ எண்டு நினைச்சிட்டால்?" என்றாள். ஒன்பது நாளாக அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது அந்த ஒரு கேள்விதான். அடிச்சோறு இருக்கு என்றேன். பொது மேசைக்கு வந்து, பானையை மடியில் வைத்துக்கொண்டு தின்றாள். பொறுப்பாளர் அதையும் கவனமாக எழுதிக்கொண்டார்.

என்னை ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். தட்டம் மூன்று மாதம் அலுவலக அலுமாரியில் இருந்து திரும்பி வந்தது. அந்தச் செவ்வாய்க்கு மறுநாள் புதன், தன்னுடைய முறை இல்லாத நாளில், மூத்தவர் வந்து அவளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனார். அந்தப் புகையிலையில் பாதியை இருவருமாகக் காணிக்கையாய்த் தண்ணீரில் போட்டார்களாம். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இப்போது முழங்கால் வருத்தத்தால் நான் வேலையை விட்டுவிட்டேன். மூத்தவர் தன் காட்டுப்பக்கம் போய்விட்டார். தொலைபேசியில் கடமான் இறைச்சிப் படம் அனுப்புவார், நான் இடியப்பப் படம் அனுப்புவேன். அவள் சொந்தமாக வாடகைக்கு வீடு எடுத்திருக்கிறாள், மகளும் கூட இருக்கிறாள். ஆனால் எனக்கு அடிக்கடி நினைவு வருவது அந்தச் சனிக்கிழமைதான்.

மூத்தவரும் தன் முறை இல்லாத நாளில் வந்திருந்தார். பிள்ளை அதிகாரியோடு வந்து வாசலில் நின்றது. தாய் இஸ்திரி போட்ட சட்டையோடு எதிரே நின்றாள். எதையாவது சொல்ல வேண்டுமே என்று தாய் எங்களை அறிமுகப்படுத்தத் தொடங்கினாள். "இவர் இரண்டாம் அறை, ரிமோட்டை ஒளிக்கிறவர். இவர் மூத்தவர், முப்பது வருசமாக் குடிக்காமல் இருந்து செவ்வாய்க்கிழமை பிடிபட்டவர். இவ எங்கட மதாம். நான் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கேக்க, இவதான் புகையிலை குடுத்து என்னைக் கேட்டவ."

பிள்ளை குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தது. நிமிரவில்லை.

"நானும்தான் கேட்டனான்" என்றது. "எல்லாரிட்டையும் கேட்டனான். எனக்குப் பதினொரு வயசு. எனக்கு ஒருத்தரும் புகையிலை விக்க மாட்டினம்."

தாய் முழங்காலிட்டு மற்றச் சப்பாத்தைப் பிடித்தாள். அந்த இரண்டு கயிறுகளையும் அவிழ்க்க அவர்களுக்கு வெகுநேரம் எடுத்தது.